பெர்ரி வந்தது, சுமை தூக்கியவன் எங்கே போனான்?

சென்ற மாதம் சங்க வேலையாகப் பினாங்குக்குப் போக வேண்டியிருந்தது. திரிங்காப்பில் விடியற்காலையில் கிளம்பி, சிம்பாங் பூலாய் இறக்கத்தில் இறங்கி, ஈப்போவில் பஸ் பிடித்துப் பட்டர்வொர்த் பெர்ரித் துறைக்குப் போய்ச் சேரும்போது பகல் பொழுதாகிவிட்டது. நான் சிறுவயதில் பார்த்த அந்தப் பெரிய பெர்ரி இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி ஓட ஆரம்பித்த புதிய பெர்ரிகள்தான் இருக்கின்றன. 250 பேரும் 50 மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். குளுகுளு வசதியும் உண்டு. ஆனால் ஒரு லோரிகூட ஏற முடியாது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எண்பது வயதுக்குக் குறையாது. "தம்பி எந்த ஊருங்க?" என்றார்.

"கேமரன் மலைங்க ஐயா. திரிங்காப்."

"அட, தேயிலைக்காரரா! உங்க மலைத் தேயிலைப் பெட்டி எத்தனையோ இந்தத் தோள்மேல ஏறி இறங்கியிருக்கு" என்று சட்டையைத் தட்டிக் காட்டினார்.

அவர் இளம் வயதில் தொங்கானில் சுமை ஏற்றி இறக்கியவர். பதினைந்து, இருபது நிமிஷப் பயணத்தில் அவர் சொன்னதும், நான் அதற்கு முன்னும் பின்னும் படித்துத் தெரிந்து கொண்டதும்தான் இந்த வாரக் கட்டுரை. 'பெர்ரிக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காதீர்கள், தோழர்களே. கடைசி வரை படியுங்கள்.

அப்பாவின் லோரி

என் அப்பா தேயிலை ஏற்றும் லோரியில் அட்டெண்டனாக இருந்தவர். 1990ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட ஏற்றிக்கொண்டு போனார். தாப்பா ரோட்டின் வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது பினாங்குப் பாலம் திறந்து ஐந்து வருஷமாகியிருந்தது. ஆனாலும் டிரைவர் அண்ணனுக்குப் பெர்ரிதான் பிடிக்கும். "பாலத்துல நான் ஓட்டணும். பெர்ரியில கப்பல்காரன் ஓட்டுவான், நான் காலை நீட்டிக்கலாம்" என்பார்.

லோரி அப்படியே இரும்புப் பாலத்தில் ஏறி உள்ளே போய் நின்றது. ஒரு பெட்டியைக்கூட இறக்கவில்லை. அக்கரையில் முன்பக்கமாகவே வெளியே வந்தது. அப்பா கீழே இறங்கி டீ குடித்தார், அவ்வளவுதான். சிறுவனான எனக்கு அது ஒன்றும் அதிசயமாகத் தோன்றவில்லை. லோரி கப்பலில் ஏறும், இறங்கும், வேறென்ன? அந்த வசதியில் எத்தனை பேருடைய வேலை அடங்கிப் போயிருக்கிறது என்பது பிற்காலத்தில்தான் புரிந்தது.

நாலு தடவை தூக்கிய பெட்டி

வண்டியை ஏற்றும் பெர்ரி வருவதற்கு முன் ஒரு பெட்டி எப்படிக் கடலைத் தாண்டியது? வண்டியிலிருந்து கரைக்கு ஒரு தடவை இறக்க வேண்டும். கரையிலிருந்து தொங்கானுக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டும். அக்கரையில் தொங்கானிலிருந்து கரைக்கு ஒரு தடவை. கரையிலிருந்து வேறு வண்டிக்கு மறுபடி ஒரு தடவை. ஆக மொத்தம் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை உடையும், ஒரு மூட்டை நனையும், ஒன்று காணாமலும் போகும். ஒவ்வொரு தடவைக்கும் கூலி உண்டு.

இங்கேதான் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கடல் அகலமாக இருந்தால், பல நாள் ஓடும் கப்பலுக்கு ஏற்றி இறக்க ஒரு நாள் ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. பினாங்கு மாதிரி மூன்று கிலோமீட்டர் கடலில் ஓட்டம் இருபது நிமிஷம். ஏற்றி இறக்கவோ அரை நாள். அப்படியானால் கப்பலை வேகமாக ஓட்டி என்ன லாபம்? துறையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் லாபம். அதற்கு ஒரே வழி, சரக்கை இறக்காமல் வண்டியையே கப்பலில் ஏற்றிவிடுவது. வண்டியின் எடையையும் சேர்த்துச் சுமப்பதால் கப்பலில் இடம் வீணாகத்தான் செய்யும். குறுகிய கடலில் அந்த நஷ்டம் சிறிது, மிச்சமாகும் நேரமும் கூலியும் பெரிது.

இந்தக் கணக்கை முதலில் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோவுக்கு வடக்கே போர்த் என்ற கடற்கழி இருக்கிறது. கிரான்டன் துறைக்கும் பர்ன்டைலண்டு துறைக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர். இரு கரையிலும் ரயில் வந்துவிட்டது, நடுவில் தண்ணீர். பாலம் கட்டும் வல்லமை அப்போது யாருக்கும் இல்லை. 1850ல் 'லெவையதன்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை ஓடவிட்டார்கள். கட்டியவர் ராபர்ட் நேப்பியர். அதன் தட்டிலேயே தண்டவாளம் போட்டிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டிகள் உருண்டு ஏறி, அக்கரையில் உருண்டு இறங்கின. ரயில் பெட்டிகளை ஏற்றிக் கடல் தாண்டிய பெர்ரிகளில் உலகத்திலேயே அதுதான் முன்னோடி. ஆட்களுக்கு வேறு கப்பல், சரக்குக்கு இந்தக் கப்பல் என்று பிரித்திருந்தார்கள்.

கப்பல் கட்டுவது பெரிய கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் கரையில்தான். கடல் ஒரு மட்டத்தில் நிற்காது. ஏற்றத்தில் கப்பல் உயரும், வற்றத்தில் தாழும். கரையிலிருந்து வண்டி எப்படி ஏறும்? தாமஸ் பவுச் என்ற பொறியாளர் சரிவான தளத்தில் சக்கரம் வைத்த ஒரு சட்டத்தை அமைத்தார். நீர் ஏறினால் மேலே இழுப்பார்கள், வற்றினால் கீழே விடுவார்கள். அதன் முனையிலுள்ள பலகைப் பாலம் எப்போதும் கப்பலின் தட்டோடு சமமாகப் பொருந்தும். பட்டர்வொர்த்தில் எங்கள் லோரி ஏறிய இரும்புப் பாலமும் இதே ஏற்பாட்டின் வாரிசுதான். கரைப்பக்கம் கீல், கடல்பக்கம் ஏறி இறங்கும்.

இறக்கி ஏற்றிய கடல்

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் இனத்தின் கதையே சாட்சி. 1914ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் போக்குவரத்து ஆரம்பித்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 24ல் பாம்பன் பாலம் திறந்தார்கள், மார்ச் முதல் தேதியில் கப்பல் ஓடியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று கப்பல்கள். தூரம் 22 மைல். இக்கரையிலும் ரயில், அக்கரையிலும் ரயில். ஆனால் தென்னிந்தியாவில் அந்தப் பக்கம் மீட்டர் பாதை, இலங்கையில் அகலப் பாதை. இந்த வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஓடாது. ஆகையால் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. சரக்கைக் கரையில் இறக்கி, கப்பலில் ஏற்றி, மறுகரையில் இறக்கி, மறுபடி ரயிலில் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தத் துறைகளில் கூலியாட்களுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கப்பல்களில் போன கூட்டத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் இனத்தவர் ஏராளம். நாம் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினோம், அவர்கள் தனுஷ்கோடியில் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. துறையும் போயிற்று. துறையை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று.

பினாங்கின் கதை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1894ல் குவா பெங் கீ என்ற பினாங்கு வியாபாரி தம் சகோதரர்களோடு சேர்ந்து, பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் ஒழுங்கான பெர்ரிப் போக்குவரத்தை நடத்த ஆரம்பித்தார். ஆட்கள் போனார்கள், சின்னச் சாமான்கள் போயின. மோட்டார் வண்டிகள் வந்த பிறகு அவற்றைத் தொங்கானில் ஏற்றி, பெர்ரியின் பின்னால் கட்டி இழுத்துக் கொண்டுபோனார்கள். அலை அடித்தால் காரின் சொந்தக்காரர் சாமி கும்பிட வேண்டியதுதான்.

1920களில் துறைமுக வாரியம் இந்தப் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1925ல் 'செபராங்' என்ற நீராவிப் பெர்ரி வந்தது. மலாய் மொழியில் 'அக்கரை' என்று அர்த்தம். ஆட்களும் வண்டிகளும் ஒரே கப்பலில் போனது அதிலிருந்துதான். 1959ல் இரு கரையிலும் புதிய துறைகள் எழுந்தன. பிறகு தீவுகளின் பெயர் சூட்டிய பெரிய இரட்டைத்தட்டுப் பெர்ரிகள் ஓடின. இரண்டு முனையும் ஒன்று போலவே இருக்கும். வண்டி ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கலாம், கப்பல் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. கட்டணத்தைப் பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும் வசூலிப்பார்கள். தீவிலிருந்து திரும்பும்போது இலவசம். போனவன் எப்படியும் திரும்பித்தானே வரவேண்டும்!

பெர்ரி வந்த உடனே தொங்கான்கள் ஓய்ந்துவிடவில்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்ட பெரிய கப்பல்களின் சரக்கு அதற்குப் பிறகும் வெகுகாலம் தொங்கானில்தான் வந்தது. அந்தத் தொங்கான்களிலும் கரையிலும் வேலை செய்தவர்களில் தமிழர் நிறையப் பேர். அந்தப் பெரியவரும் அவர்களில் ஒருவர், ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை.

"அறுபதுகள் முடியும்போது பட்டர்வொர்த் பக்கம் ஆழமான துறைமேடை வந்திருச்சு தம்பி. கப்பல் நேரா கரைக்கே வந்து நிக்குது. லோரி நேரா பெர்ரியில ஏறுது. அறுபத்தொன்பதுல பினாங்குக்கு இருந்த தீர்வையில்லாத் துறைமுகம்ங்கிற சலுகையும் போச்சு. ஒருநாள் தண்டல் வந்து, 'நாளைக்கு வேலை இல்ல, அப்புறம் சொல்றேன்'னார். அந்த 'அப்புறம்' இன்னும் வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையில ஏதாவது கொடுத்தாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"யாரு கேட்டா? பெர்ரி வருதுன்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. நாங்களும்தான் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். தோள்வலி போகுதேன்னு நெனச்சோம். தோளோட சம்பளமும் போகும்னு நெனக்கல."

காலடியும் கவனிக்கப்பட வேண்டும்

பெர்ரி என்றால் கப்பல் மட்டுமில்லை, துறையும் சேர்ந்ததுதான் பெர்ரி. இதை நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1988 ஜூலை 31ஆம் தேதி, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவும் பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் இன் விழாவும் ஒன்றாகச் சேர்ந்த நாள். பட்டர்வொர்த் துறையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். துறையின் மேல்தளம் சரிந்தது. 32 பேர் மாண்டார்கள், 1,600க்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள்.

ஸ்காட்லாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. பெர்ரிக்குப் பொருத்தமான பலகைப் பாலம் அமைத்துப் புகழ் பெற்ற அதே தாமஸ் பவுச், பிறகு டே நதிமுகத்தில் ரயில் பாலம் கட்டினார். 1879 டிசம்பர் 28ல் ஒரு புயல் இரவில் அது ரயிலோடு விழுந்தது. ஒரு காரியத்தில் கெட்டிக்காரர் என்பதற்காக அடுத்த காரியத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது. தோட்டத்தில் புதுப் பாலம், புது மெஷின், புது ஸ்டோர் எது வந்தாலும், "எத்தனை எடை தாங்கும், யார் பார்த்துச் சொன்னது?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பெர்ரிக்கும் முறை வந்தது

தொங்கானை ஓயவைத்த பெர்ரிக்கும் ஒருநாள் முறை வந்தது. ஸ்காட்லாந்தில் 1890ல் போர்த் பாலம் திறந்ததும் ரயில் பெர்ரிக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. நாற்பது வருஷ ஆயுசு. பினாங்கில் 1985ல் 13.5 கிலோமீட்டர் பாலம் திறந்தது, 2014ல் இரண்டாவது பாலமும் வந்தது. வண்டிகள் பாலத்துக்கு மாறின. பெரிய பெர்ரிகளுக்கு வயதாகியது. 2021 ஜனவரி முதல் தேதியோடு கார், லோரிகளை ஏற்றுவது நின்றுவிட்டது. அதே சமயம் சபாவின் மெனும்போக் கரைக்கும் லாபுவான் தீவுக்கும் நடுவே வண்டிப் பெர்ரி இன்றும் ஓடுகிறது. அங்கே பாலமில்லை. பெர்ரி நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. அது தேவையான இடத்தில் வரும், தேவை தீர்ந்தால் போகும். வரும்போதும் போகும்போதும் அதை நம்பியிருந்தவன் கதி என்ன என்பதுதான் கேள்வி.

நான் கைதட்டிய மெஷின்

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வரிசை மேல் நகர்த்தும் கொழுந்து வெட்டும் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடை கட்டி, மழையில் நனைந்து, இடுப்பு ஒடியக் கொழுந்து எடுத்த அம்மாவின் மகன் நான். மெஷினைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கைதட்டினேன். "நல்ல மெஷின்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதினோரு பெண்கள் சங்கத்துக்கு வந்தார்கள். எல்லாருக்கும் ஐம்பதைத் தொட்ட வயது. கையில் ஆளுக்கொரு கடிதத்தின் நகல். மலாயில் டைப் அடித்திருந்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று எழுதி, கீழே அவர்கள் கையெழுத்து. சிலரதில் பெருவிரல் ரேகை. வீட்டைக் காலி செய்ய ஒரு மாத அவகாசம் என்று வாய்ச்சொல்.

"ஏம்மா, படிக்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கோபமாகக் கேட்டேன்.

மூத்தவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நீங்களும் அன்னைக்கு நல்ல மெஷின்னுதானே சொன்னீங்க தம்பி."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. பிறகு தொழிலாளர் இலாகாவுக்கு நடந்தோம், எழுதினோம், வாதாடினோம். எட்டுப் பேருக்கு ஒரு தொகை கிடைத்தது. மூன்று பேர் அதற்குள் பிள்ளைகளைத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். அவர்களைக் கண்டுபிடித்துக் கூட்டிவர என்னால் முடியவில்லை. மெஷின் வந்த அன்றைக்கே நான் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

கேட்க வேண்டியவை

ஆகவே தோழர்களே, உங்கள் தோட்டத்தில் ஆள் குறைக்கும் எந்தப் புது ஏற்பாடு வந்தாலும், வரும் முன்பே இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விலகுவது வேறு, வேலை இல்லை என்று நிறுத்தப்படுவது வேறு. தானாக விலகியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இல்லை. புரியாத மொழியில் எது வந்தாலும், "வீட்டில் பிள்ளையிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆள் மிகுதி என்று நிறுத்தினால் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி பணம் கொடுக்க வேண்டும். ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் கீழே இருந்தால் வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் பதினைந்து நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். இருபது வருஷம் கொழுந்து எடுத்த ஓர் அம்மாவுக்கு 400 நாள் சம்பளம் வரும். ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 26,000 வெள்ளி. அந்தப் பதினோரு கையெழுத்துகளின் விலை என்னவென்று இப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வாரம். நிர்வாகம் ஆள் குறைக்கப் போகிறது என்றால் 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் பாரம் அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்றா என்று சங்கம் கேட்கலாம். 1975ஆம் ஆண்டின் தொழில் நல்லுறவு நடத்தை நெறியும், ஆள் குறைக்கும் முன் தொழிலாளர்களோடும் சங்கத்தோடும் கலந்து பேசச் சொல்கிறது. பெர்க்கேசோவில் 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போனால் 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அந்த நாள் தவறினால் பலன் தவறிவிடும்.

நான்காவது, மெஷினை ஓட்டப் பழக்குங்கள் என்று கேளுங்கள். நம் பெண்களுக்கு மெஷின் வராது என்று யார் சொன்னது? மோட்டார் சைக்கிளில் மலை ஏறி வருகிறவர்கள் அவர்கள்.

பினாங்குக் கரை வந்ததும் பெரியவர் மெதுவாக எழுந்தார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். தொங்கான்கள் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். இப்போது அங்கே வெறும் தண்ணீர்தான்.

"மெஷின் வரட்டும் தம்பி, வேணாம்னு சொல்லாதீங்க. சுமை தூக்குறது ஒண்ணும் பெருமையில்ல" என்றார். "ஆனா அது வர்றதுக்கு முந்தி உட்கார்ந்து பேசிடுங்க. எங்களுக்குப் பேச ஆள் இல்ல."

நமக்குச் சங்கம் இருக்கிறது, தோழர்களே. உங்கள் தோட்டத்தில் புது மெஷின் வரப்போகிறது என்று காதில் விழுந்தால், அடுத்த நாளே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை கைதட்டுவதற்கு முன்பே நான் வந்து நிற்பேன்.